செல்லாது என்று ஆன அக்காவின் பணம்

எங்கள் கம்பெனி லைனில் வேலை செய்யும் ஒருத்தி யூடியூபில் சமையல் சேனல் நடத்துகிறாள். அதை டிமானிடைஸ் செய்துவிட்டார்களாம். வீடியோ அப்படியே இருக்குமாம், காசு மட்டும் வராதாம். டீ நேரத்தில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஒன்றிலிருந்து பணம் என்கிற தகுதியைப் பிடுங்கிவிடுவது, அதுதான் பொருள். நோட்டுக்கு அதைச் செய்தபோது பேப்பரில் பணமதிப்பிழப்பு என்று எழுதினார்கள். எங்கள் பக்கம் அவ்வளவு நீளமாக யாரும் சொல்லவில்லை. செல்லாது என்றார்கள்.

என் அக்கா வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவினாள். சம்பளம் பேங்கில் விழும். ஏடிஎம் கார்டு மாமாவின் சட்டைப்பையில் இருக்கும். குடித்தாலும் அடிப்பார், குடிக்காவிட்டாலும் அடிப்பார். ஓவர்டைம் காசை மட்டும் காண்ட்ராக்டர் கையில் கொடுப்பதால், அதை நாப்கின் பாக்கெட்டுக்குள் ஒளித்துச் சேர்த்தாள். ஆம்பளை கை அங்கே போகாது. பென்னலூரில் ஒரு ரூமுக்கு அட்வான்ஸ் சேர்ந்ததும் மகளோடு போய்விடுவது என்று முடிவு. எனக்கு மட்டும் தெரியும்.

ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று டிவியில் சொன்னபோது மாமா சிரித்தார்.

"நம்மகிட்ட இன்னா கீது, போவட்டும் வுடு."

அக்கா தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

எனக்கு அப்போது பேங்க் கணக்கு கிடையாது. அவள் கணக்கிலேயே கட்டிவிட்டு, சம்பளம் விழுந்து மாமா ஏடிஎம் போவதற்குள் பேங்கிலேயே சலான் போட்டு எடுத்துவிடலாம் என்று நினைத்தோம். ஸ்ரீபெரும்புதூரில் பொழுது முழுக்க வரிசையில் நின்றோம். கட்டி முடித்ததும், "காசு பொழச்சிக்கிச்சிடி" என்றாள். அவள் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

எங்கள் ஊரில் பொம்பளை பேரில் கணக்குத் தொடங்கினாலும் புருஷன் போன் நம்பரைத்தான் எழுதிக் கொடுப்பார்கள். அது இரண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை. நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் பணம் கட்டிய மெசேஜ் மாமாவுக்குப் போய்விட்டது.

அன்று அவர் அடிக்கவில்லை. மகளை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, போனைக் காட்டி, "எங்க போவறதா இருந்த?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஏடிஎம்மில் ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான் எடுக்க முடிந்தது. வரிசையில் நிற்க அவருக்குப் பொறுமை இல்லை. மகளை வீட்டில் தன்னோடு நிறுத்திக்கொண்டு, கார்டைக் கொடுத்து அக்காவையே அனுப்பினார். அவள் தினமும் போய் நின்று, தன் பணத்தைப் புது ரெண்டாயிரம் நோட்டாக எடுத்துவந்து, அவர் கையில் கொடுத்தாள்.