நூல்கடை கதிரேசனின் இரண்டாவது பிளாப்பி

காலையில் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கதிரேசன் அண்ணாச்சியின் தம்பி தொலைபேசியில் அழைத்தார். "அண்ணன் போயிட்டாகய்யா. சாயங்காலம் எடுக்குறோம், வந்துருங்க" என்றார். நான் இரண்டு வகுப்புகளையும் எடுத்துவிட்டுத்தான் அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

நம் அமெச்சூர் ரேடியோ சங்கத்தின் இரங்கல் கூட்டத்தில் அவரைக் குழந்தை உள்ளம் கொண்டவர் என்று ஒருவர் சொன்னார். குழந்தைகளைப் பற்றி அப்படிப் பேசுவது அநியாயம். நான் முதன்முதலில் கட்டிய டிரான்ஸ்மிட்டரை என் மாணவர்கள் முன்னால் திருப்பி, ஈயம் வைத்துப் பற்றவைத்த இடங்களைப் பார்த்துவிட்டு, "இதென்ன வாத்தியாரே, பத்த வைக்கச் சொன்னா வடை சுட்டு வச்சிருக்கீக?" என்று கேட்டவர் அவர். மாணவர்கள் ஒரு வருடம் சிரித்தார்கள்.

எனக்கும் அவர் மேல் மரியாதை கிடையாது. அவர் பள்ளிப் படிப்போடு நின்ற, தறிகளுக்கு நூல் விற்கும் வியாபாரி. நான் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் சொல்லிக்கொடுப்பவன். அகராதியை வைத்துக்கொண்டு ரேடியோ பத்திரிகை படித்துவிட்டு, தப்பான உச்சரிப்பில் எனக்கே பாடம் நடத்துவார்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் டிஜிட்டல் பேச்சில் இறங்கினோம். பத்து விநாடிப் பேச்சைக் கணினியில் பிட்டுகளாக மாற்றி ரேடியோவில் அனுப்பி, மறுமுனையில் திரும்பப் பேச்சாக்க வேண்டும். வழியில் கெடும் பிட்டுகளைத் திருத்த ஒரு 'கோடு', அதாவது பிழைதிருத்தும் குறியீட்டு முறை, தேவை. அதைத் தேர்ந்தெடுக்கும் வேலை என்னுடையது. பன்னிரண்டு பிட்டுக்குப் பதினொரு பிட் காவல். அந்த இருபத்துமூன்றில் எந்த மூன்று கெட்டாலும் திருத்திவிடும். புத்தகத்தில் அதைவிட அழகான கோடு கிடையாது என்று நினைத்தேன். சோதனைகளிலும் பேச்சு கண்ணாடி மாதிரி வந்தது.

"எல்லாச் சோதனையும் ஞாயித்துக்கெழமதான செஞ்சீக?" என்றார் அண்ணாச்சி. "அன்னைக்குத் தறி ஓடாது. செவ்வாக்கெழம மோட்டார் பொறி விட்டா, ஒரே வெட்டுல இருபது பிட்டச் சேத்துத் தின்னுரும். மூணத் திருத்துற கோடு என்ன செய்யும்? முழு லோடையும் ஒரே லாரிலயா ஏத்துவீக? பக்கத்துப் பக்கத்துப் பிட்டப் பிரிச்சுத் தள்ளித் தள்ளி அனுப்புங்க."

எனக்கு ஞாயிறுதான் விடுமுறை, அதனால் ஞாயிறுதான் சோதனை. விசைத்தறி ஊரில் இருந்துகொண்டு அதை யோசிக்காதவன் நான். ஆனாலும் லாரியை வைத்துக் கோடு கற்றுக்கொடுக்க வந்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பாளையம்பட்டிப் பக்கத்தில் இருந்த எங்கள் கல்லூரியின் மாடியறைதான் அப்போது சங்கத்தின் நிலையம். டிஜிட்டல் பேச்சைச் செய்து காட்டினால் அறை உங்களுக்கு, இல்லையென்றால் உடைந்த பெஞ்சுகளுக்கு என்று முதல்வர் சொல்லிவிட்டார். அவர் குறித்த நாள் செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் அண்ணாச்சி, தள்ளித் தள்ளி அனுப்பும் பிட்டுகளைத் திரும்ப வரிசையாக்கிப் பேச்சாக்கும் புரோகிராம் எழுதிய ஒரு பிளாப்பியை நீட்டினார். "ஒங்களுது படுத்துரும். அப்ப இதப் போடுங்க." நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் அண்ணாச்சி பரளச்சியிலிருந்து அனுப்பினார். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. என் கணினி பேச்சுக்குப் பதிலாகக் கொரகொரவென்று கத்தியது. "என்ன சார், தவளையா?" என்றார் முதல்வர்.

பக்கத்தில் இருந்த சாதாரண ரேடியோ செட்டில் அண்ணாச்சி கேட்டார்: "படுத்துருச்சா? சரி, ரெண்டாவத அனுப்புறேன். பிளாப்பியப் போடுங்க."

இரண்டாவதும் வந்தது; வழக்கம்போல வருகிற சத்தத்தை டேப் ரெக்கார்டர் பதிவு செய்துகொண்டிருந்தது. என் கை சட்டைப் பை வரைக்கும் போனது. முதல்வர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நூல் வியாபாரியின் பிளாப்பியால் நான் பிழைப்பதா என்று கையைக் கீழே போட்டேன். மைக்கை எடுத்து, "போட்டேன் அண்ணாச்சி, அதுவும் வரல" என்றேன்.

"அப்ப நான்தான் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன்" என்றார். தன் தப்பு என்று அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். என் பேச்சில் ஒரு வார்த்தையைக்கூட நம்பாத மனிதர், அதை நம்பினார். நிலையம் போயிற்று. அவரும் அன்றோடு டிஜிட்டலைத் தொடவில்லை.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், அந்தக் கேசட்டை ஓடவிட்டு அவருடைய பிளாப்பியைப் போட்டுப் பார்த்தேன். தறிகளின் வெட்டுகளைத் தாண்டி ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது:

"பிரின்சிபால் ஐயா, வணக்கம். கோடு எங்க வாத்தியாரு பாத்துப் பாத்து எடுத்தது. நான் வரிசைய மட்டும் மாத்துனேன். ரூம அவுகளுக்கே குடுத்துருங்க."

அவரிடம் சொல்ல எனக்கு நான்கு வருடங்கள் இருந்தன. கடை வழியாகப் போகும்போதெல்லாம், "என்ன வாத்தியாரே, வடை எப்படி?" என்று கேட்பார். அந்தத் திமிருக்காகவே சொல்லக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன். உண்மையில் எனக்கு வெட்கம்.

அந்தக் கேசட் என்னிடம் இருக்கிறது. சங்கத்து நண்பர்கள் யார் வந்தாலும் போட்டுக் காட்டுகிறேன். அண்ணாச்சியின் கணக்கு சரியாகத்தான் இருந்தது.