நட்சத்திரத்திலிருந்து வந்த அம்மாவும் பெண்ணும்

ஞாயிறு மத்தியானங்களில் நான் அறிவியல் மன்றத்துக்குப் போகலாம் என்பதை என் கணவர்தான் வீட்டில் பேசி வாங்கிக்கொடுத்தார். இயற்பியல் படித்துவிட்டுத் திருப்பூர் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனிக் குடும்பத்துக்கு மருமகளாக வந்திருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பெண்ணுக்கு நான்கு வயது. கம்பெனி வீட்டின் பின்பக்கமே இருந்ததால் வேலைக்குக் குறைவில்லை. படித்ததற்கும் அந்த வேலைக்கும்தான் சம்பந்தம் இல்லை. "படிச்ச புள்ள, ஊட்டுக்குள்ளயே ஒக்காந்து என்னம்மா பண்ணும்?" என்று அவர் தன் அம்மாவிடம் கேட்டது சமையலறை வரைக்கும் கேட்டது. ஊரில் நாலு பேர் பேசுகிற மாதிரி ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று சொல்லித்தான் மாமியார் என்னை விட்டார். அப்படி ஒன்று வந்தால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும் என்பது எனக்குத் தெரியும்.

மன்றம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கூடியது. நடத்தியவர் கல்லூரி ஆசிரியர், தெற்கத்திக்காரர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். வருகிற பெண்களில் நான் ஒருத்திதான் பட்டதாரி. கிரகணம் பற்றியோ தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது பற்றியோ நான் இரண்டு வார்த்தை பேசினால் எல்லோரும் கேட்டார்கள். வீடு திரும்பி இட்லிக்கு மாவு ஆட்டும்போதும் அந்தச் சந்தோஷம் மிச்சமிருக்கும்.

ஒரு ஞாயிறு, எல்லோரும் கிளம்பின பிறகு ஆசிரியர் மடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். அதில் பூஜ்யமும் ஒன்றுமாக இடைவெளியே இல்லாமல் எழுதியிருந்தது. வெளிநாட்டில் ஒரு பெரிய ரேடியோ தொலைநோக்கியில் வந்த செய்தியாம். வேறொரு நட்சத்திரத்தின் பக்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்றார். பத்திரிகைகளுக்குக் கொடுக்கும் முன்னால் பல நாட்டு மன்றங்களுக்கு அனுப்பிப் படித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க தங்கச்சி. வீட்டுக்காரர்கிட்டயும் வேண்டாம். உங்களால முடியும்னுதான் குடுக்கேன்" என்றார்.

திருப்பூருக்கு எதற்கு அனுப்புவார்கள் என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் முகம் தெரியாத ஆள் அனுப்பின தாளைப் பார்த்து, அவன் சொன்ன அளவில், அவன் சொன்ன நிறத்தில் மூட்டை மூட்டையாகத் தைத்து அனுப்புவதுதான் எங்கள் ஊரில் தினசரி வேலை. அந்த நாடுகளின் பெயரைக்கூட எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். இந்தத் தாள் மட்டும் ஏன் வரக்கூடாது?

டி-சர்ட் காலருக்குப் பூ டிசைன் போடும் கட்டத் தாள் வீட்டில் நிறைய உண்டு. ஒன்று வருமிடத்தில் கட்டத்தை நிரப்பினேன், பூஜ்யத்துக்கு வெறுமனே விட்டேன். வரிசைக்கு எத்தனை கட்டம் என்பதுதான் தெரியவில்லை. முதலில் போட்டுப் பார்த்தபோது எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடியது. காலர் பின்னும் மெஷினில் ஊசிக் கணக்கு ஒன்று தப்பினாலும் பூ இப்படித்தான் சாயும். கணவருக்காக அந்தச் சாய்வை எத்தனையோ முறை திருத்திக் கொடுத்திருக்கிறேன். கட்டத்தை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தேன், படம் நிமிர்ந்து நின்றது. உயரமாக ஒன்று, அதன் பக்கத்தில் குட்டையாக ஒன்று, இரண்டுக்கும் நடுவே கை கோர்த்த மாதிரி ஒரு கோடு. கீழே ஏதோ சிதறலாக இருந்தது, அது எனக்குப் பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி போய்விட்டது. பெண் மொட்டை மாடியில் விளையாடினால் கீழே கூட்டி வந்தேன். கணவர் என்னவென்று கேட்டபோது தலைவலி என்றேன். அடுத்த ஞாயிறு படத்தைக் கொண்டுபோய் ஆசிரியரிடம் கொடுத்தேன்.

"அம்மாவும் பொண்ணுமாட்ட இருக்குதுங்க சார்."

அவர் வெகுநேரம் பார்த்தார். பதில் அனுப்பலாமா என்று கேட்டார்.

"வேண்டாமுங்க. பதில் போட்டா நாம எங்க இருக்கோம்னு தெரிஞ்சுரும். நல்லவங்களா இருந்தாச் சரீங்க. கொழந்தைய எதுக்குங்க மொதல்லயே காட்டறாங்க? நம்மூர்லயும், கேட்டாக் குடுக்கமாட்டாங்கன்னு தெரிஞ்ச எடத்துக்குத்தானுங்க கொழந்தைய இடுப்புல வெச்சுட்டுப் போவாங்க."

"கீழ இருக்கறது ஒரு மெஷினோட படம்னு வெச்சுக்குவோம். செய்யச் சொல்லுதாங்க. செய்யலாமா?"

"என்னத்துக்குன்னு தெரியாத மெஷின எப்படீங்க சார் ஓட்டறது?"

அவ்வளவு கவனமாக என் பேச்சை அதுவரை யாரும் கேட்டதில்லை.

மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு எல்லோர் குடும்பங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். கணவர் பெண்ணுக்குப் புதுக் கவுன் போட்டுக் கூட்டி வந்தார். ஆசிரியர் மூடநம்பிக்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சாமியாடுவது, ஜோசியம் என்று போய்க்கொண்டிருந்த பேச்சின் நடுவே பெரிய தாள் ஒன்றைச் சுவரில் மாட்டினார். நான் நிரப்பிய படம், பெரிதாக வரையப்பட்டிருந்தது.

தன் வீட்டு மேசையையும் நாற்காலியையும் பார்த்து அதை வரைந்து, பூஜ்யமும் ஒன்றுமாகத் தானே மாற்றி எழுதியதாகச் சொன்னார். கீழே இருக்கும் சிதறல் காசைச் சுண்டிப் போட்டதாம், தலை விழுந்தால் ஒன்று, பூ விழுந்தால் பூஜ்யம். நம் மன்றத்துச் சகோதரி ஒருவர், பட்டம் வாங்கியவர், இதை நட்சத்திரத்திலிருந்து வந்த அம்மாவும் பெண்ணும் என்று நம்பினார் என்றார். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, எல்லாத் தலைகளும் என் பக்கம்தான் திரும்பின.

பிறகு என் குரலில் பேசிக் காட்டினார். "கொழந்தைய எதுக்குங்ங்க மொதல்லயே காட்டறாங்ங்க?"

கூட்டம் சிரித்தது. எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து என் பெண்ணும் கை தட்டிச் சிரித்தாள். கணவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

மொபெட்டில் வீடு வந்து சேர்ந்தோம். வண்டியை நிறுத்திவிட்டுக் கணவர் கேட்டார், ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று.

"யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னாருங்க."

"அவன் சொன்னா?"

பெண்ணைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். மறுநாள் காலைக்குள் மாமியாருக்குச் செய்தி போய்விட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை தைத்த பீஸ் மடிக்க ஆள் பத்தவில்லை என்று மட்டும் மகனிடம் சொன்னார். கணவர் சரி என்றார்.

சில நாள் கழித்து ஆசிரியர் எங்கள் வீட்டுக்கே வந்தார். காபி கொடுத்தேன். கோபமா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பக்கத்தில் சாமளாபுரத்தில் ஒரு கூட்டம் ஏற்பாடாகியிருக்கிறதாம். நானே மேடையேறி, நம்பி ஏமாந்த கதையைச் சொன்னால் ஜனங்கள் மனதில் நிற்கும் என்றார். அவர் முகத்தில் குற்ற உணர்ச்சி துளியும் இல்லை. அதனால் ஒரு நிமிடம் நான்தான் சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறேனோ என்றுகூட நினைத்தேன். எந்தத் தொலைநோக்கி, எந்தத் தேதி என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கத்தானே படித்தேன்? அனுப்பினது யாராக இருக்கும் என்று அவ்வளவு யோசித்தவள், கொண்டுவந்து கொடுத்தவரைப் பற்றி யோசிக்கவேயில்லை. ஆனால் பதில் போட வேண்டாம் என்றும், தெரியாததைச் செய்ய வேண்டாம் என்றும்தானே சொன்னேன்.

"நான் சொன்னதுல எது தப்புங்க சார்?"

"தப்பு சரின்னு இல்ல தங்கச்சி. நம்பினீங்கல்லா, அதுதான் பாயிண்ட்."

"உங்களத்தானுங்க நம்புனேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். வாசல் வரை போய் வழியனுப்பினேன்.

அந்தக் கூட்டம் நான் இல்லாமலே நடந்தது. கம்பெனிக்கு நூல் வாங்கச் சாமளாபுரம் போயிருந்த கணவர் சாப்பிடும்போது அதைச் சொன்னார். வேறொரு பெண்ணை மேடையேற்றி, நான் பேசினதை அப்படியே பேச வைத்தார்களாம். அவள் இடுப்பில் ஒரு குழந்தையையும் வைத்திருந்தாளாம். இங்கே சிரித்ததைவிட அங்கே அதிகமாகச் சிரித்தார்களாம்.

அவர் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டாரா, கடைசி வரைக்கும் உட்கார்ந்து பார்த்தாரா என்று அவரிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.