நாள் வெட்டுக்குப் போட்ட போல்ட்

எங்கள் மிசினின் கத்தி சுழன்றால் முன்னால் இருப்பது எது என்று பார்க்காது. நாயுண்ணிப் பற்றை, ஈச்சை, கறையான் புற்று, மயில் முட்டை எல்லாம் அதற்கு ஒன்றுதான். ஒருமுறை முயல் ஒன்று ஓடாமல் பதுங்கிக் கிடந்தது. தோலும் இரத்தமும் ட்ரக்டரின் பின் சில்லில் ஒட்டியிருந்தன. கழுவிவிட்டுச் சோறு தின்றோம்.

ட்ரக்டர் என்னுடையது. பின்னால் பூட்டுகிற பற்றை வெட்டும் மிசின் மச்சானுடையது. என் மனைவியின் தம்பி அவன். கட்டாரில் வேலை செய்துவிட்டு வந்து வாங்கினான். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் காடு பிடித்த காணிகள் நிறைய இருந்தன. மாறி மாறி ஓட்டினோம். ஒருவன் ஓட்டினால் மற்றவன் தடியோடு முன்னால் நடந்து கட்டை, கம்பி, கல் பார்ப்பான்.

ட்ரக்டரின் பலம் சாப்ட் என்கிற சுழல்தண்டு வழியாகத்தான் மிசினுக்குப் போகும். அந்தச் சாப்ட்டில் சின்ன போல்ட் ஒன்று உண்டு. இளக்கமான இரும்பு. கத்தி கட்டையில் முட்டினால் முதலில் அது அறும். சாப்ட் சும்மா சுற்றும், கத்தி நின்றுவிடும், வேறொன்றும் உடையாது. அறுந்த துண்டைத் தட்டி எடுத்துப் புதிது போட வேண்டும்.

வேலைக்குப் போகும்போது மனைவி வாசலில் நின்று ஒன்றையே சொல்வாள். "ரெண்டு பேர் போறீங்க. ரெண்டு பேரும் முழுசா வரணும்." அவளுக்கு அவன் ஒரே தம்பி.

வாவியோரம் ஒரு போடியாரின் காணி. வட்டை என்று சொல்லும் அந்த வயல்வெளியில் பெரும்பகுதி அவருடையதுதான். இந்தத் துண்டு மட்டும் சண்டைக் காலத்தில் விட்டது, காடாகக் கிடந்தது. அவர் நாள் பார்த்தார். விதைப்புக்கு நாள் பார்ப்பது போல முதல் வெட்டுக்கும் எங்கள் பக்கம் பார்ப்பார்கள். நல்ல நேரத்துக்குள் முதல் வட்டம் முடிய வேண்டும். தேங்காய் உடைத்தார். சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார். நான் ஓட்டினேன். பாதி வட்டம் வரவில்லை, புளியங்கட்டையில் முட்டிப் போல்ட் அறுந்தது.

போடியார் பாய்ந்து வந்தார். "நாள் வெட்டில இரும்பு அறுந்தா என்ன குறி தெரியுமா? ஏர் மாடு கால் முறிஞ்சு விழுந்தாப்போல. நிப்பாட்டு. எடு மிசின."

"போடியார், அது அறுறத்துக்குத்தான் போட்டது," என்றேன்.

"அறுறத்துக்கு ஒரு சாமானப் போட்டுக்கொண்டா என்ட காணிக்க இறங்கினீங்க?"

அவரோடு வந்த ஆட்கள் சிரித்தார்கள். ஒருவன் மச்சானைப் பார்த்து, "ஒட்டகம் மேச்ச கைக்கு மிசின் என்னத்துக்கு?" என்றான். மச்சான் தடியால் அவன் முதுகில் ஒன்று போட்டான். அவன் மண்வெட்டியைத் தூக்கினான். இழுத்துப் பிரித்தோம். என் சட்டை கிழிந்தது. போடியார் வேறு நாள் குறித்தார். "அண்டைக்கும் அறுந்தா வேற ஆளப் பிடிப்பன்," என்றார்.

அந்த நாளைக்கு மச்சான் பழைய லொறியில் கழற்றிய போல்ட் ஒன்றைக் கொண்டு வந்தான். அரத்தால் இழுத்துப் பார்த்தேன். கீறல்கூட விழவில்லை.

"இது அறாது," என்றேன்.

"அதுக்குத்தானே கொண்டு வந்த."

"இது அறாட்டி வேற என்னவும் அறும்."

"ஒரு வட்டம் மச்சான். நல்ல நேரம் முடியக் கழட்டிப்போட்டு மத்ததப் போடுவம். அதுக்கு மறுகா அறுந்தா என்ன, எரிஞ்சா என்ன, போடியார் கேக்க மாட்டார்."

அவன் கண்டுபிடித்த வழி இல்லை இது. எங்கள் பக்கம் மிசின் ஓட்டுகிறவர்கள் பலர் நாள் வெட்டுக்குக் கடும் போல்ட் போட்டுப் பிறகு மாற்றுவார்கள். மாற்றாமல் விட்டவர்களும் இருக்கிறார்கள்.

நான் போல்ட்டைப் பறிக்கப் போனேன். நெஞ்சில் தள்ளினான். கன்னத்தில் அறைந்தேன். திருப்பி அடித்தான், வாயில் பட்டது. இரத்தத்தைத் துப்பிவிட்டு நிமிர்ந்தபோது போல்ட்டைப் பூட்டிவிட்டு ஏறிக்கொண்டிருந்தான்.

"நான் ஓட்டுறன். நீ தடியோட நட."

நடந்தேன். வட்டம் ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்தது. போடியார் சிரித்தார். தேத்தண்ணி வந்தது. மச்சான் இறங்கவில்லை. இறங்கு, மாற்றுவோம் என்று கை காட்டினேன். இன்னும் ஒரு வட்டம் என்று அவன் கை காட்டினான். நான் தடியை எடுத்துக்கொண்டு வருவதற்குள் பற்றைக்குள் இறக்கிவிட்டான்.

உள்ளே சண்டைக் காலத்துக் காவலரண் ஒன்றின் கொங்கிறீற் தூண் முறிந்து, மண் மூடிக் கிடந்தது. கத்தி அதில் மோதியது.

ஷெல் விழுந்தது போல ஒரு சத்தம். போல்ட் அறவில்லை. சாப்ட்டின் மூட்டு வெடித்தது. மிசின் பக்கத்துத் துண்டு கீழே விழுந்தது. ட்ரக்டர் பக்கத்துத் துண்டு விடாமல் சுற்றியது. உலக்கையைக் கயிற்றில் கட்டிச் சுழற்றியது போல நாலு பக்கமும் அடித்தது. எண்ணெய்க் குழாய் பிய்ந்து பீறியது. சில்லுக்கு மேலே மூடும் மட்காட் தகரம் கிழிந்தது. மச்சான் பின்னால் பார்ப்பதற்காக வலக்கையை மட்காட்டில் ஊன்றியிருந்தான். தகரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் கை போனது.

அவன் கத்தியது எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்டது. ஓடிப்போய் நிப்பாட்டுகிற கம்பியை இழுத்தேன். இரும்பு இன்னும் கொஞ்சம் அடித்துவிட்டு நின்றது. கையில் பெருவிரலும் அடுத்த விரலும் இருந்தன. மற்றவை இல்லை. போடியார் குந்தியிருந்து வாந்தி எடுத்தார்.

சாரனைக் கிழித்துச் சுற்றி, ஓட்டோவில் போட்டுத் துறைக்குக் கொண்டுபோனோம். ஆளையும் வண்டியையும் ஏற்றிக் கடக்கும் மிதவைப் பாதை அக்கரையில் நின்றது. கூவினோம். தன் பாட்டில் வந்தது. பலகையில் இரத்தம் சொட்டச் சொட்ட வாவியைக் கடந்தோம். மீன் கூடையோடு நின்ற ஒரு பெண், "கைய மேல தூக்கிப் பிடி மனே, கீழ விடாத," என்றாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் மட்டும் அவன் தூக்கியே பிடித்திருந்தான்.

நான் தனியே வீட்டுக்கு வந்தேன். மனைவி என் பின்னால் பார்த்தாள். ஒருவரும் இல்லை. நடந்ததைச் சொன்னேன். சோற்றுச் சட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். பிறகு சோற்றை அவளே கூட்டி அள்ளினாள்.

புண் ஆறியதும் மச்சான் மிசினைக் கேட்டான். விற்போம் என்றேன். "கையும் குடுத்து மிசினும் குடுக்கவா?" என்றான். அவன் ஏறத்தான் போகிறான். எதைப் பூட்டினால் மிச்சம் தப்பும் என்பதுதான் நான் பார்க்க வேண்டியிருந்தது.

ஏறாவூரில் மிசின் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவரைக் காக்கா என்போம். அவர் இரண்டு சாப்ட்டை எடுத்து மேசையில் போட்டார்.

"இது நீங்க வச்சிருந்த போல்ட் சாதி. இது கிளச். உள்ளுக்குத் தட்டு இரிக்கி, ஸ்பிரிங் அமத்திப் பிடிக்கும். கூடப் பாரம் வந்தா தட்டு வழுக்கும். பாரம் போனா திரும்பப் பிடிக்கும். ஒண்டும் அறாது."

"அப்ப ஏன் எல்லாரும் போல்ட் போடுறாங்க?"

"கிளச் சோம்பேறிக்குச் சரிவராது தம்பி. மாரிக்கு வெளிய விட்டா உப்புக் காத்துல தட்டு ரெண்டும் கலியாணம் முடிச்சிரும். மறுகா வழுக்காது. போகத்துக்குப் போகம் ஸ்பிரிங்கத் தளத்தி, ஓட விட்டு, புகைய வச்சி, திரும்ப அளவா இறுக்கணும். இன்னொண்டு. வழுக்குது எண்டு கோவத்துல முழுக்க இறுக்கினா, இதுவும் லொறிப் போல்ட்தான்."

"எது நல்லம் காக்கா?"

"ஆரு ஓட்டுற?"

"மச்சான்."

"கை போன மச்சானா?" அவர் என்னையே பார்த்தார். "அப்ப ஸ்பேனர நீங்க வச்சிரிங்க."

கடை வாசலில் நின்று யோசித்தேன். போல்ட் நேர்மையானது. அறுந்தால் தெரியும். பராமரிப்பு இல்லை. ஆனால் நாள் வெட்டில் அறும். அறுந்தால் போடியார் கத்துவார். கத்தினால் மச்சான் கடும் போல்ட் தேடுவான். கிளச்சில் அறுவதற்கு ஒன்றும் இல்லை. குறி பார்க்கவும் ஒன்றும் இல்லை. கிளச்சை எடுத்தேன்.

போடியார் எங்களையே திரும்பக் கூப்பிட்டார். அந்தக் கை அவர் கண்ணில் நின்றிருக்க வேண்டும். தூணைத் தோண்டி எடுத்துப் போட்டிருந்தார். மறுபடி நாள், தேங்காய், தேசிக்காய். மச்சான் ஓட்டினான். பாதி வட்டத்தில் கட்டை. கிளச் கீச்சிட்டு வழுக்கியது. புகை எழும்பியது.

"என்ன புகை அது?" போடியார் எழும்பினார்.

"சாம்பிராணி, போடியார்," என்றான் மச்சான்.

அவர் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். வட்டம் முடிந்தது.

பின்னேரம் ஈச்சை அடர்ந்த மூலை வந்தது. கிளச் அடிக்கடி வழுக்கியது. ஒவ்வொரு தரமும் மிசினைத் தூக்கி, பின்னுக்கு எடுத்து, தட்டு ஆறுமட்டும் நிற்க வேண்டும். போடியாரின் ஆள் ஒருவன், "மிசினுக்கு வயித்துவலியோ?" என்று கேட்டான். மச்சான் எஞ்சினை நிப்பாட்டினான். இறங்கினான். என் பெட்டியில் இருந்து ஸ்பேனரை இடக்கையால் எடுத்தான்.

"தொடாத," என்றேன்.

"கொஞ்சம் இறுக்குறன். இப்பிடி வழுக்கினா விடிஞ்சாலும் முடியாது."

"காக்கா சொன்ன அளவு அதுதான்."

"காக்காவா இஞ்ச நிண்டு வெட்டுற?"

இம்முறை பறிக்கப் போகவில்லை. அடிக்கவும் இல்லை. மட்காட் தகரத்தில், அவன் கை போன அதே இடத்தில் என் வலக்கையை வைத்தேன்.

"இறுக்கு. இறுக்கிப்போட்டு ஏறி ஓட்டு. நான் கைய எடுக்க மாட்டன்."

என் கையைப் பார்த்தான். தகரத்தில் அடித்து நிமிர்த்திய வடு இருந்தது. கெட்ட வார்த்தையால் என் தாயைப் பேசினான். ஸ்பேனரை என்மேல் எறிந்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பில் பட்டுத் தெறித்து வெட்டாத பற்றைக்குள் போனது. இரத்தம் செருப்புக்குள் இறங்கியது. அவன் ஏறினான். சின்னக் கியரில் போட்டு, மிசினை உயர்த்தி, ஈச்சையை மேலாக நறுக்கிக்கொண்டு போனான். கிளச் கத்தவில்லை. அன்றைக்கு அந்த மூலை முடியவில்லை.

மனைவி வாசலில் நின்றாள். அவன் கையைப் பார்த்தாள், பிறகு என் காலைப் பார்த்தாள்.

"இதென்ன?"

"ஒன்ட தம்பி எறிஞ்ச."

"நல்லம்," என்றாள். சோறு போட்டாள்.

அடுத்த நாள் எஞ்சினை முடுக்குவதற்கு முன் இரண்டு பேரும் முழங்காலில் இறங்கி ஈச்சை முள்ளுக்குள் ஸ்பேனரைத் தேடினோம். கத்தியில் அது பட்டால் யாருடைய தலைக்கு வரும் என்று தெரியாது. முகத்தில், கையில் எல்லாம் கீறல். அவன்தான் கண்டெடுத்தான். இரண்டு விரல் உள்ள கையால் மண்ணைத் துடைத்தான். பெட்டிக்குள் போடவில்லை. என்னிடம் நீட்டினான்.

"நீயே வச்சிரு," என்றான்.