ஏழு மனுவும் ஒரு மொட்டைக் கடிதமும்

பொறாமை என்றால் என்னவென்று நாற்பத்தெட்டு வயதில்தான் எனக்குத் தெரிந்தது. அதுவும் ஒரு கழிப்பறையைப் பார்த்து. சிரிக்காதீர்கள்.

மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனிக்குப் பதினோரு வருடமாக ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறேன். காலையில் கேளம்பாக்கத்தில் எடுத்து, வண்டலூர் சுற்றி, ஊரப்பாக்கத்தில் கடைசி ஆளை ஏற்றிக்கொண்டு ஷிஃப்ட் தொடங்குமுன் இறக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு எங்கள் இடம் கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடி. டிரைவர்கள் கான்ட்ராக்ட் ஆட்கள், கேட்டுக்கு உள்ளே எங்களுக்கு என்ன வேலை? சாப்பாடு பஸ்ஸுக்குள், மற்றதெல்லாம் காம்பவுண்டு சுவரோரம். எனக்குச் சர்க்கரை வேறு. மணிக்கொரு தடவை அங்கே போய் நிற்பேன். என் பஸ்ஸில் வரும் பெண்களே முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். மானம் போகும்.

மரத்தடியில் முத்து முத்தான கையெழுத்து எனக்குத்தான். அதனால் எல்லாருக்கும் சேர்த்து நானே மனு எழுதுவேன். டிரைவர்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும், அவ்வளவுதான். கேட்டில் தொங்கும் குறைதீர்ப்புப் பெட்டியில் ஏழு மனு போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. பெட்டியைத் திறப்பதே இல்லை என்று நினைத்துக்கொண்டோம்.

போன வருடம் கம்பெனிக்கு டைவர்சிட்டி வந்தது. எல்லா வேலையிலும் பெண்கள் இருக்க வேண்டுமாம். அப்படித்தான் அவள் வந்தாள். மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்துக்காரி. மீன் ஏற்றும் குட்டியானை வேன் ஓட்டிக்கொண்டிருந்தவள், ஹெவி லைசென்ஸ் எடுத்துவிட்டாள். முதல் நாள் கேட்டில் பலூன், கேக், போட்டோ. பஸ்ஸுக்கு ரோஜா மாலை. யார் பஸ்? என் பஸ். எனக்குச் செங்கல்பட்டு ரூட்டில் ஓடும் ஓட்டை வண்டியைக் கொடுத்தார்கள். "சரி சார்" என்றேன். வேறென்ன சொல்ல?

அவளுக்குக் கம்பெனி ரோலிலேயே நிரந்தர வேலை, நீலக் கயிற்றில் அடையாள அட்டை, கேன்டீன் சாப்பாடு. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பத்தே நாளில் கேட்டை ஒட்டி, டைல்ஸ் பதித்து, ஃபேன் மாட்டி ஒரு கழிப்பறை கட்டினார்களே, அன்றைக்குத்தான் வயிறு பற்றி எரிந்தது. வாசலில் 'பெண் ஓட்டுநர்கள்' என்று போர்டு. இருந்ததே இவள் ஒருத்தி. சாவி அவள் இடுப்பில் தொங்கும். அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடும் சத்தம் மரத்தடி வரைக்கும் கேட்கும். எனக்கு மட்டும்தான் கேட்டதோ என்னவோ.

ஓட்டுவதிலாவது குறை இருக்கும் என்று பார்த்தேன். ரிவர்ஸ் எடுப்பதில் என்னைவிடச் சுத்தம். தினமும் போகிற போக்கில், "இன்னாணா, சாப்ட்டியா?" என்று கேட்பாள். கேன்டீனில் தின்றுவிட்டு வந்து கேட்கிறாள் பார், கொழுப்பு என்று பல்லைக் கடிப்பேன்.

ஒருநாள் ஊரப்பாக்கத்தில் எருமை குறுக்கே வந்து, அவள் சடன் பிரேக் போட்டாளாம். யாருக்கும் கீறல்கூட இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அன்று மத்தியானமே உட்கார்ந்து எழுதினேன். 'அந்த அம்மாள் வண்டி ஓட்டும் முறையால் பயணிகள் உயிருக்குப் பயப்படுகிறார்கள்.' பெயர் போடவில்லை. பெட்டியில் போட்டேன்.

மறுநாளே அவளை பஸ்ஸிலிருந்து இறக்கி, ஆபீஸில் போன் எடுக்க உட்கார வைத்துவிட்டார்கள். டிரான்ஸ்போர்ட் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு என் பழைய பஸ் சாவியைக் கையில் கொடுத்தார்.

"நல்ல வேளை, சொன்னீங்க. உங்க கையெழுத்து எங்களுக்குத் தெரியாதா? எத்தனை மனு பார்த்திருக்கோம்!"

அடப்பாவிகளா. ஏழு மனுவையும் படித்திருக்கிறார்கள்.

பஸ்ஸில் ஏறினேன். அவள் உயரத்துக்கு சீட்டை முன்னால் இழுத்து வைத்திருந்தாள். பின்னால் தள்ளிக்கொண்டு ஓட்டினேன்.

ஒரு வாரம் கழித்து மரத்தடிக்கு வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"எவனோ மொட்டக் கடுதாசி போட்டுக்கீறான்ணா. போன் எடுக்கவா நான் ஹெவி லைசென்ஸ் எடுத்தேன்? வூட்ல அத்தினி பேரோட சண்ட போட்டுக்கினு வந்தேன். பஸ்ஸு குடுக்கலன்னா வேலையே வேணாம்னு போய்டுவேன். நீதான் நல்லா எழுதுவியாமே, எனக்கு ஒண்ணு எழுதிக் குடுணா."

பேப்பரைத் தொடையில் வைத்துக்கொண்டு, எழுத்தை வேண்டுமென்றே சாய்த்துச் சாய்த்து எழுதினேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாணா, உன் எழுத்து அயகா இருக்கும்னாங்க. இப்டி கோணலா கீது?"

"கை நடுங்குதும்மா. சர்க்கரை."

"ஐயோ பாவம்." இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றி என் கையில் வைத்தாள். "இந்தா, நீ வச்சிக்க. ஆபீஸ்ல எனக்கு வேற கீது. சர்க்கரைய வச்சிக்கினு எத்தினி நாளு செவுத்தாண்ட போவ?"

அவளே மனுவைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனாள். பதில் இன்றுவரை வரவில்லை. அவள் மாதக் கடைசியில் வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

சாவி கொடுத்த அன்றைக்கு, அவள் போனதும் அந்தக் கழிப்பறைக் கதவைத் திறந்து உள்ளே போனேன். தாழ்ப்பாள் போட்டேன். ஃபேன் ஓடியது. பதினோரு வருடமாகக் கேட்ட இடம். வெகுநேரம் நின்றேன். ஒரு சொட்டு வரவில்லை.