வெறுங்கையோடு வீடு திரும்புவது

"…அதென்ன, கையில ஒண்ணுமில்லீன்னா ஊட்டுக்குள்ள வரக்கூடாதுங்களா?" என்று இரும்புக் கேட்டுக்கு உள்ளேயிருந்து சிரித்தாள் என் மனைவி. இடுப்பில் குழந்தை.

தீபாவளி வரை அவசியமில்லாத எதையும் வாங்குவதில்லை என்று போன வாரம்தான் இருவரும் பேசி முடிவெடுத்திருந்தோம். இன்று செவ்வாய்ப்பேட்டைக் கடைத்தெரு முழுக்க நடந்தும் ஒரு பொம்மைகூட வாங்காமல் வந்துவிட்டேன். வாசலுக்கு வந்ததும் கால் நகரவில்லை. வண்டிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே நின்றேன். சாவி குலுங்கும் அந்தச் சத்தம் அப்பாவுடையது.

நாமக்கல்லில் அப்பா லாரி ஓட்டினார். வடக்கே போய்த் திரும்பும்போதெல்லாம் கம்பளி, ஆரஞ்சு, பீங்கான் ஜாடி என்று ஏதாவது கொண்டுவருவார். கட்டிலுக்கடியில் பிரிக்காத கம்பளிகள் பாச்சை உருண்டை வாசத்தோடு அடுக்கிக் கிடக்கும்.

"படுக்க எடமில்லீங்க. அடுத்த நடை நீங்க மட்டும் வந்தாப் போதும்" என்றாள் அம்மா.

அப்படியே வந்தார். ஆனால் வீட்டுக்குள் வரவில்லை. டயரைத் தட்டிப் பார்த்தார். தார்ப்பாயை அவிழ்த்து மறுபடி கட்டினார். சாவியைச் சுழற்றினார்.

"கைய வீசிட்டு எப்படி புள்ள உள்ள வாரது?"

அம்மா காலிக் குடத்தை அவரிடம் நீட்டினாள். "தண்ணி புடிச்சுட்டு வாங்க." தெருக்குழாயில் பிடித்த குடத்தோடு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி உள்ளே வந்தார்.

கேட்டுக்கு வெளியே நின்றபடியே இதைச் சொல்லி முடித்தேன். மனைவி குழந்தையைக் கேட்டுக்கு மேலாகத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு, கொண்டியை நீக்கினாள்.