ஆணி அடிக்காத ஜன்னல்

தி.நகரில் திரைச்சீலைத் துணி விற்கும் ஒரு கடையில் அளவெடுப்பது என் வேலை. துணியைத் தேர்ந்தெடுத்து விலாசம் கொடுத்துவிட்டுப் போகிறவர்களின் வீட்டுக்கு டேப்போடு போவேன். மயிலாப்பூரில் மரச்சட்டம் போட்ட பழைய ஜன்னல், அடையாறு அடுக்ககங்களில் தள்ளித் திறக்கும் கண்ணாடி ஜன்னல் என்று எல்லாவற்றுக்கும் ஸ்டூல் போட்டு ஏறியிருக்கிறேன். ஒன்றுகூட நேராக இருக்காது. கட்டியவரே வந்து சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டேன். மேலே ஒரு தரம், நடுவில் ஒரு தரம், கீழே ஒரு தரம் அளப்பேன். பிறகு ஓரம் மடிப்பதற்கும், துவைத்தால் சுருங்குவதற்கும் சேர்த்து, கொஞ்சம் கூட்டி எழுதுவேன். துணி வேலையில் கூட்டி எழுதியவள் திட்டு வாங்க மாட்டாள். பன்னிரண்டு வருஷத்தில் என் அளவு தப்பித் திரும்பி வந்த திரை ஒன்றுகூட இல்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது.

அப்படிப்பட்டவளின் வீட்டு ஜன்னலில் ஒரு திரை நிற்கவில்லை.

நாங்கள் குடியிருப்பது திருவான்மியூரில், ஒரு வீட்டின் முதல் மாடியில். ஒரு அறை, ஒரு சமையலறை. அறையின் ஒரே ஜன்னல் கிழக்கே பார்க்கிறது. வீடு பார்க்க வந்த அன்று மாலை, அந்த ஜன்னலில் வந்த கடற்காற்றில் மயங்கித்தான் சரி என்று சொன்னோம். கிழக்கில் காற்று மட்டுமா வரும், வெயிலும் வரும் என்பது அளவெடுக்கிறவளுக்கே தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் தரமணியில் வேலை செய்கிறவர்களை ஏற்றி இறக்கும் ஆபீஸ் பஸ் ஓட்டுகிறார். எப்போதும் இரவு ஷிப்டு. காலை எட்டு மணிக்கு வீடு வந்து, குளித்து, சாப்பிட்டு, ஒன்பதுக்குப் படுப்பார். அந்த நேரத்தில் வெயில் நேராகக் கட்டிலில் வந்து உட்கார்ந்திருக்கும்.

ஆணி அடித்து ஒரு கம்பி மாட்டினால் தீர்ந்துபோகிற விஷயம்தான். ஆனால் கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே பாத்திரக்கடை வைத்த குடும்பம் அவர்களுடையது. "செவுத்துல ஒரு ஆணி அடிக்கக்கூடாது. காலண்டருக்குக்கூட அடிக்கக்கூடாது. பின்னால வருத்தப்படக்கூடாது, பாத்துக்கோங்க." எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் சுவரைச் சல்லடையாக்கிவிட்டுப் போயிருந்தார்கள். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. நாங்களும் தலையை ஆட்டினோம். இன்றைக்கும் எங்கள் வீட்டில் மாதா படம் பீரோ மேல் சாய்ந்துதான் நிற்கிறது.

ஆரம்பத்தில் என் வீட்டுக்காரர் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு தூங்கினார். ஜன்னலில் செய்தித்தாளை ஒட்டிப் பார்த்தோம். ஜன்னல் கதவைச் சாத்தினால் அறை வெந்தது, திறந்தால் தாள் பறந்தது. இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தோம், அந்தக் காலை வரைக்கும்.

அன்று அவர் வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "கண்ணு அசந்துட்டேன்" என்றார். "ரெண்டு செகண்டுதான். வண்டி டிவைடர்ல ஒரசிகினு போயிடுச்சி. உள்ள பதினாலு பேரு." யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு பெண்ணுக்கு மட்டும் முன் சீட்டில் நெற்றி இடித்திருக்கிறது. "அந்தப் பொண்ணு திட்டிருந்தாக்கூட பரவால்ல. சும்மா என்னைப் பாத்துகினே எறங்கிப் போச்சி." இதைச் சொல்லிவிட்டு அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். வெயில் மேல் கோபம், சுவர் மேல் கோபம், ஊருக்கெல்லாம் திரை அளந்துவிட்டு வீட்டுக்கு வெறுங்கையோடு வருகிற என் மேல் கோபம்.

எங்கள் கடையிலேயே ஸ்பிரிங் கம்பி ஒன்று விற்கிறோம். ஆணி வேண்டாம், அமுக்கி வைத்தால் ஜன்னலின் இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவில் நிற்கும். "சூப்பரா நிக்கும் மேடம்" என்று நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதில் ஒன்றை வாங்கிவந்து மாட்டினேன். வெயில் புகாத தடித்த துணியில், உள்ளே இன்னொரு துணி கொடுத்து, பாரமான திரை தைத்தேன். காலையில் நின்றது. பன்னிரண்டு மணிக்குக் கடற்காற்று கிளம்பி, திரையை உப்பவைத்து ஒரு இழு இழுத்ததும், கம்பியும் திரையுமாகத் தூங்குகிறவர் முகத்தில் விழுந்தது. மூன்று நாள் இப்படியே நடந்தது. "என்னை இன்னா மீனுன்னு நெனச்சிகினு கீதா இது? டெய்லி மேல வந்து வலையாட்டம் வுழுது" என்றார். அதன் பிறகு அந்தக் கம்பியை நான் யாருக்கும் சூப்பர் என்று சொல்வதில்லை.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. அங்கே போய், சுவருக்குள் ஜன்னல் அமைந்திருக்கும் பள்ளத்தில் இறுக்கமாக உட்காருகிற மாதிரி ஒரு இரும்புக் குழாயை வெட்டித் தரச் சொல்லி அளவை எழுதிக் கொடுத்தேன். பட்டறைக்காரரும் மயிரிழை பிசகாமல் வெட்டிக் கொடுத்தார். வீட்டில் வந்து வைத்தால் உள்ளே போகவில்லை. ஏதோ கொஞ்சம் இடிக்கிறது என்று என் வீட்டுக்காரர் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினார். சுவரில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து கட்டில் மேல் கொட்டியது.

டேப்பை எடுத்து மறுபடி அளந்தபோதுதான் புரிந்தது. குழாய்க்கும் நான் ஒரு அங்குலம் கூட்டி எழுதியிருந்தேன். இரும்பு சுருங்காது, இரும்புக்கு ஓரம் மடிக்க வேண்டாம் என்பது மூளைக்குத் தெரிகிறது. பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் கைக்குத் தெரியவில்லை.

சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா மேலே வந்துவிட்டார். மறைக்க ஒன்றும் இல்லை, கட்டில் முழுக்கச் சுண்ணாம்பு. சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதைப் பூசிருங்க. இன்னொரு தடவை செவுரு உதிர்ந்தா வேற வீடு பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் நிஜமாகவே சொல்கிறார் என்று தெரிந்தது.

பட்டி மாவு வாங்கி வந்து, பெயர்ந்த இடத்தில் பூசினேன். பூசிக்கொண்டே, வாடிக்கையாளர் வீட்டு ஜன்னலை அளப்பதுபோல் என் ஜன்னலை முதல்முறையாக ஒழுங்காக அளந்தேன். மேலும் கீழும் மட்டுமல்ல, பள்ளத்தின் உள் ஓரம், வெளி ஓரம் இரண்டையும் அளந்தேன். அறைப் பக்கம் கால் அங்குலம் அகலம் அதிகம். அதாவது இரண்டு பக்கச் சுவரும் லேசாக விரிந்து போகின்றன. நேரான குழாயின் முனை அந்தச் சுவரில் முழுதாக உட்காராது, ஒரு ஓரம் மட்டும்தான் தொடும். ஸ்பிரிங் கம்பி விழுந்ததற்கும் அதுதான் காரணம். கம்பி நீளுவது மட்டும் போதாது, அதன் முனையும் சுவர் சாய்ந்திருக்கிற பக்கம் சாய்ந்து கொடுக்க வேண்டும். இது எனக்குப் புரிந்த நிமிஷம் நன்றாக நினைவிருக்கிறது. பட்டிக் கரண்டியோடு ஸ்டூல் மேல் நின்று, தனியாகச் சிரித்தேன்.

சாய்ந்து கொடுக்கும் முனைக்கு எங்கே போவது? அதற்கு அடுத்த வாரம் அடையாறில் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போனேன். அந்த வீட்டு அம்மா தரையில் குனிந்து, ஆடுகிற வாஷிங் மெஷினின் காலை ஸ்பேனரால் திருகிக்கொண்டிருந்தார். நான் ஜன்னலை மறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு தடித்த திருகாணி, அதன் அடியில் ரப்பர் ஒட்டிய அகலமான வட்டம். திருகினால் கால் நீளுகிறது. வட்டம் இறுகி நிற்காமல், தரை எப்படி இருக்கிறதோ அப்படிச் சாய்ந்து உட்காருகிறது. ஒரு பாரத்தைத் தாங்கிக்கொண்டு, குலுங்கினாலும் நகராமல் நிற்பதற்கென்றே செய்தது. "இந்தக் காலு தனியா கெடைக்குமா மேடம்?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. ரிப்பேர் கடையில் கிடைக்கும் என்று மட்டும் சொன்னார்.

இரண்டு கால் வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். ஒரு கணக்குநோட்டுத் தாளில் படம் வரைந்திருந்தேன். பெரிய குழாய்க்குள் நுழைந்து நகரும் சின்னக் குழாய். இரண்டிலும் வரிசையாகத் துளை. வேண்டிய நீளத்துக்கு இழுத்து, துளை வழியாகக் குறுக்கே ஒரு போல்ட்டு போட்டால் நீளம் நின்றுவிடும். குழாய்களின் வெளி முனைகளில் ஒவ்வொரு நட்டை வைத்து வெல்டு செய்து, அதில் வாஷிங் மெஷின் காலைத் திருகி மாட்ட வேண்டும். ஜன்னலில் வைத்து ஸ்பேனரால் திருகத் திருக, கால் வெளியே வந்து சுவரை அழுத்தும்.

பட்டறைக்காரர் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "இன்னாக்கா, ஜன்னலுக்கு ஜாக்கி வெக்கிறியா?"

"ஆமா, ஜாக்கிதான். செஞ்சி குடு."

"போன தபா ஒரு இஞ்சு எக்ஸ்ட்ரா எழுதினு வந்தியே, இந்த தபா கரீட்டா?"

"இந்த தபா நீ எந்த நீளத்துல வெட்னாலும் கரீட்டாதான் இருக்கும். அதுக்குத்தான் இது."

அவர் சிரித்தார். பிறகு படத்தை நேராகப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. "நட்டு கோணலாப் போனா எல்லாம் போச்சி, மெதுவாத்தான் வெக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேலையை எடுத்தார்.

ஒரு திருத்தம் மட்டும் தேவைப்பட்டது. இரண்டு குழாயும் சேரும் இடத்தில் திரையின் வளையம் தட்டியது. சேருமிடத்தை நடுவில் வைக்காமல் ஒரு ஓரத்துக்குத் தள்ளினேன், பிறகு தட்டவில்லை.

மாட்டிய ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசைக்குப் போய் வந்த சேலையோடு ஸ்டூலில் ஏறினேன். ஸ்பேனரால் திருகினேன். கால்கள் சுவரைத் தொட்டன, ஆளுக்கொரு பக்கம் லேசாகச் சாய்ந்தன, முழுதாக உட்கார்ந்தன. இன்னும் அரைச் சுற்று திருகினேன். பிறகு இரண்டு பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் நிரப்பிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். கம்பி அசையவில்லை. காற்று கிளம்பும் நேரம் வரை குடங்களை அப்படியே விட்டுவைத்து, பிறகு இறக்கித் திரையை மாட்டினேன். திரை உப்பியது, இழுத்தது, தளர்ந்தது. கம்பி அசையவில்லை. என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து, அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பக்கச் சுவரையும் விரலால் தடவினார். கம்பியைக் கழற்றிக் காட்டச் சொன்னார், காட்டினேன். சுவரில் ஒரு கீறல் இல்லை. திரும்ப மாட்டும்வரை நின்று பார்த்துவிட்டு, "கீழ ரெண்டு ஜன்னல் கெடக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது என்று அன்று நினைத்தேன்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள், மதியம் மூன்று மணி சுமாருக்குக் கடைக்குப் போன் வந்தது. வீட்டுக்காரம்மா. "ஏம்மா, கேஸ் சிலிண்டர்காரன் வந்துட்டுப் போயிட்டான். அரை மணி நேரமா நானும் கதவைத் தட்டுதேன், உன் வீட்டுக்காரர் தொறக்க மாட்டேங்காரு. போனும் எடுக்கலை. சீக்கிரம் வா."

கூரியர்காரர் கதவில் விரலை வைத்தாலே எழுந்து போய்த் திறக்கிறவர் அவர். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும், நான் செய்த கம்பி ஒவ்வொரு பாகமாகக் கண்முன்னால் வந்தது. ஸ்பிரிங் கம்பி முகத்தில் விழுந்தால் சிரிக்கலாம். இது கனத்த இரும்பு. நேர் கீழே அவர் தலை. வெல்டிங் விட்டிருக்குமோ, கால் வழுக்கியிருக்குமோ, இன்னும் அரைச் சுற்று திருகியிருக்க வேண்டுமோ. ஒரு வாரமாகக் கடையில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருந்தேன். அடையாறு பாலம் தாண்டும்போது, இனி எதையும் செய்கிறேன் என்று கிளம்ப மாட்டேன், அவரை மட்டும் கொடு என்று மாதாவிடம் வாய்விட்டே வேண்டினேன். ஆட்டோக்காரர் ஒன்றும் கேட்காமல் வேகமெடுத்தார்.

வீட்டுக்காரம்மா மாடிப்படியில் நின்றிருந்தார். என் சாவியால் கதவைத் திறந்தேன். வெளியே கண் கூசும் வெளிச்சம், உள்ளே என் கையே எனக்குத் தெரியவில்லை. கண் பழகியதும் பார்த்தேன், திரை மெல்ல உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. கம்பி இருந்த இடத்தில் இருந்தது. அதற்குக் கீழே குறட்டைச் சத்தம்.

தோளைப் பிடித்து உலுக்கினேன். நாலாவது உலுக்கலில் கண்ணைத் திறந்தார். இருட்டில் என் முகத்தைத் தேடினார்.

"மணி இன்னா?"

"நாலு."

கொஞ்சம் யோசித்தார். "காலைல நாலா, சாயங்காலம் நாலா?"

போர்வையை இழுத்து விட்டேன். "டூட்டிக்கு நேரம் கீது, தூங்கு" என்றேன்.