நன்றியுரையில் வாங்கிய வாக்கு

ஐம்பது வயது தாண்டிய பிறகு எனக்கு அமெரிக்க வரலாறு படிக்கும் ஆசை வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். "உந்தக் குளிருக்க ஏன் திரியிறீர், எல்லாம் யூடியூபில இருக்குத்தானே" என்றார் கணவர். நான் கேட்கவில்லை. நாங்கள் குடியிருக்கும் நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்து மெட்ரோ ரயில் பிடித்து மாலை வகுப்புக்குப் போனேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் ஊரெல்லாம் எதையாவது திருத்தும் வெறி. குடியை ஒழிக்க ஒரு சங்கம், சிறையைத் திருத்த ஒரு சங்கம், அடிமை முறையை ஒழிக்க ஒரு சங்கம். சங்கம் வைப்பதில் எங்கள் ஆட்களே தோற்றுப்போவார்கள். அடிமை ஒழிப்புக்காக வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கிய பெண்களையே சில கூட்டங்களில் வாய் திறக்க விடவில்லையாம். ஆசிரியை அதைச் சொன்னபோது எனக்கு எங்கள் பங்குக் கோயில் தமிழ்ச் சங்கம் ஞாபகம் வந்து சிரிப்பை அடக்க முடியவில்லை.

எங்கள் சங்கத்தின் யாப்பு விதிகளின்படி ஒரு வீட்டுக்கு ஒரு வாக்கு. அதைக் குடும்பத் தலைவர் போடுவார். திருவிழாவுக்கு ரோல்ஸ் பலகாரம் சுற்றிச் சுற்றியே கை காய்த்துப்போன அக்கா ஒருவர் இருக்கிறார். அவருடைய கணவர் இறந்ததும் அந்த வீட்டு வாக்கு மகனுக்குப் போய்விட்டது. மகன் இருப்பது ரொறொன்ரோவில். திருவிழாப் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை, தொலைபேசியில் வாக்குப் போடுவார்.

ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போது அக்காவைக் கேட்டேன்.

"உங்களுக்கு வோட்டு வேண்டாமோ அக்கா?"

"வேணுந்தான். அவர் இருக்கேக்க என்னைக் கேட்டுத்தான் போடுறவர். இப்ப என்னை ஒருத்தரும் கேக்கிறேல்லை."

எனக்கு மனம் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து, சங்கச் செயலாளரான என் கணவரிடம் சொன்னேன். "பேந்து பாப்பம்" என்றார். எங்கள் ஆண்களின் 'பேந்து' வருவதற்குள் உலகம் முடிந்துவிடும்.

எங்கள் விழாக்களில் பெண்களுக்கென்றே ஒதுக்கிய பேச்சு நன்றியுரை. சோற்று வரிசை தொடங்கிய பிறகுதான் அது நடக்கும். ஒருவரும் காது கொடுக்கமாட்டார்கள், ஆனால் ஒவ்வொரு நன்றிக்கும் தவறாமல் கை தட்டுவார்கள். அந்தத் திருவிழாவில் என்னை அழைத்தார்கள். பங்குக் குருவான சுவாமிக்கு நன்றி என்றேன், தட்டினார்கள். ஒலிபெருக்கிக்காரருக்கு நன்றி என்றேன், தட்டினார்கள்.

"வரும் பொதுக்கூட்டத்திலிருந்து பெண்களுக்கும் ஆளுக்கொரு வாக்கு என்று மனமுவந்து சம்மதித்த நிர்வாக சபைக்கு நன்றி" என்றேன்.

மண்டபமே தட்டியது. சங்கத் தலைவரும் தட்டினார். தட்டிக்கொண்டிருந்த என் கணவரின் கை மட்டும் பாதியில் அந்தரத்தில் நின்றது. சுவாமி எழுந்து வந்து, "நல்ல முடிவு" என்று தலைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதன்பிறகு எப்படிப் பின்வாங்குவது?

"நான் எப்ப சம்மதிச்சனான்?" என்றார் கணவர், காரில்.

"கை தட்டினனீங்கள்தானே."

பொதுக்கூட்டத்தில் தலைவர் பதவிக்கு நானே நின்றேன். அக்கா புதுச்சேலை உடுத்து முன்வரிசையில் இருந்தார். கை உயர்த்தி வாக்கெடுப்பு. பழைய தலைவரின் பெயரைச் சொன்னதும் முதலில் உயர்ந்த கை அக்காவுடையது. நான் தோற்றேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கோபத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசலில் மறித்து, "ஏனக்கா?" என்றேன்.

"அவர் நேரத்துக்கு மண்டபத்தைத் திறந்து, கடைசிக் கதிரையையும் அடுக்கிப்போட்டுத்தான் போறவர். நீர் நல்லாக் கதைப்பீர் தங்கச்சி. கதைக்கு நான் வோட்டுப் போடமாட்டன்."

அக்கா சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

"இண்டைக்குக் காலமை மகன் போன் எடுத்தவன். நீர் படிச்ச ஆள், உமக்குத்தான் போடோணும் எண்டான். நான் கேக்கேல்லை."